பாலைகளும் சுரக்கூட்டும்: யாழ்ப்பாணத்து இசை வரலாற்றில் ஒரு கேள்வி

இசையைப் பற்றி நம்மவர் பேசும்போது இரண்டு வகையான வாதங்கள் அடிக்கடி காதில் விழுகின்றன. 'மேல்நாட்டுச் சங்கீதத்தில் ஹார்மனி உண்டு, நம்முடையதில் இல்லை, ஆகவே நம்முடையது முழு வளர்ச்சி பெறாத சங்கீதம்' என்பது ஒன்று. 'நம்முடையது ஆத்மாவின் சங்கீதம். அவர்களுடையது வெறுங் கணக்கு. ஆகவே இரண்டுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை' என்பது மற்றொன்று. முன்னது தாழ்வுணர்ச்சியின் குரல். பின்னது வீண் பெருமையின் குரல். வரலாற்றைத் திரும்பிப் பார்க்க மறுப்பதில் இரு சாராரும் ஒற்றுமையாக இருக்கிறார்கள்.

ஏழு சுரங்களிலிருந்து ஓரிடத்தில் பண் முறை செழிப்பதற்கும், மற்றோரிடத்தில் சுரங்களை ஒருங்கே ஒலிக்கும் ஹார்மனி செழிப்பதற்கும் இரத்தமோ இனமோ காரணமல்ல. கருவி, அதைச் சுருதி கூட்டும் முறை, மக்கள் கூடும் இடம், எழுத்து, கல்விக்கூடம் முதலிய உலகியற் காரணங்களே அதைத் தீர்மானித்தன. இதை ஆராய யாழ்ப்பாணக் குடாநாட்டைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது. கோயிற் பண், கத்தோலிக்க ஆலயத்தின் லத்தீன் கீதம், அமெரிக்க மிஷனின் நான்கு குரற் பாட்டு, நாடகக் கொட்டகையின் ஆர்மோனியம் ஆகிய நான்கும் சில மைல் தூரத்துக்குள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு வாழ்ந்த நிலம் அது. அந்த நிலத்தின் பெயரே ஓர் இசைக்கருவியின் பெயர். சோழநாட்டிலிருந்து வந்த கண்பார்வையற்ற யாழ்ப்பாணன் ஒருவன் அரசன் முன் யாழ் மீட்டி அந்நிலத்தைப் பரிசாகப் பெற்றான் என்ற கதையை, 18ஆம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் இயற்றிய 'யாழ்ப்பாண வைபவமாலை' எழுதிவைத்தது. அதைச் சரித்திரமாகக் கொள்ளவேண்டியதில்லை. ஒரு நிலம் தன் பிறப்பை ஒரு கலைஞனுக்குக் கிடைத்த கூலியாக நினைவுகூர்கிறது என்பதே கவனிக்கத்தக்கது.

யாழ் கற்பித்த பாடம்

யாழ் என்பது வீணையைப்போல் மெட்டுக்களின் மேல் விரலை அழுத்தி வாசிக்கும் கருவியன்று. ஒவ்வொரு நரம்பும் ஒரே ஒரு சுரத்தைத் தரும். 7 நரம்பு கொண்ட செங்கோட்டியாழ் முதல் 21 நரம்பு கொண்ட பேரியாழ் வரை பல வகைகளை உரையாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். ஏழு சுரங்களுக்கும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயர். இன்றைய ஸ, ரி, க, ம, ப, த, நி என்பவற்றுக்கு இவை ஈடானவை.

நரம்புகளின் கட்டு மாறாதபோது புதிய பண்ணுக்கு வழியென்ன? வேறொரு நரம்பைக் குரலாகக் கொள்வதே வழி. நரம்புகள் அவையே, தொடங்குமிடமும் வந்து நிற்குமிடமும் மாறுகின்றன, அதனால் சுரங்களுக்கு இடையிலுள்ள தூரங்களின் வரிசை மாறுகிறது, உணர்ச்சியும் மாறுகிறது. இதைப் பண்ணுப்பெயர்த்தல் என்றனர். செம்பாலையை முதலாகக் கொண்டு இப்படிப் பெயர்த்தால் படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என ஏழு பாலைகள் கிடைக்கும். ஆராய்ச்சியாளர் பலர் ஒப்புக்கொள்ளும் கணக்கின்படி செம்பாலை இன்றைய அரிகாம்போதி, அதன் ரிஷபத்தில் தொடங்கினால் நடபைரவி, மத்திமத்தில் தொடங்கினால் சங்கராபரணம், பஞ்சமத்தில் கரகரப்பிரியா, தைவதத்தில் தோடி, நிஷாதத்தில் கல்யாணி. காந்தாரத்தில் தொடங்கினால் மட்டும் பஞ்சமம் அமையாது. இரண்டு மத்திமங்கள் கொண்ட தோடிபோல ஒன்று பிறக்கும்.

இந்த அறிவு அரசவைக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் மாதரி என்னும் இடைச்சி ஏழு பெண்களுக்கு ஏழு நரம்பின் பெயர்களை இட்டு, வட்டமாக நிறுத்தி ஆடச் செய்கிறாள். மாடு மேய்த்து மோர் விற்ற மக்களின் ஆட்டத்தில் பாலைகளின் வட்டம் மனித உருவில் சுழல்கிறது. இசையிலக்கணம் பண்டிதர் வீட்டுப் பரணில் பிறந்ததல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இந்தப் பழைய கணக்கை நம் காலத்தில் மீட்டவர் விபுலாநந்த அடிகள். 1892இல் கிழக்கிலங்கையின் காரைதீவில் பிறந்த அவர், யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். அவருடைய 'யாழ் நூல்' 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது. அடுத்த மாதமே, ஜூலை 19இல், அடிகள் காலமானார். விஞ்ஞானமும் தமிழும் ஒருவரிடமே கூடியிருந்ததால்தான் மறைந்துபோன ஒரு கருவியின் நரம்புகளை எண்ணால் அளந்து காட்டுவது இயன்றது.

ஐரோப்பாவின் பாலைகள்

பாலைகள் தமிழர்க்கு மட்டும் உரியன என்று எண்ணுவோர் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். ஓர் ஆர்மோனியப் பெட்டியில் கறுப்புக் கட்டைகளைத் தொடாமல் வெள்ளைக் கட்டைகளை மட்டும், ஒவ்வொரு கட்டையையும் முறையே ஆதார சட்ஜமாகக் கொண்டு வாசிக்கவேண்டும். மேல்நாட்டார் ஸி என்னும் கட்டையில் சங்கராபரணம் பிறக்கும், அடுத்ததில் கரகரப்பிரியா, அடுத்ததில் தோடி, பிறகு கல்யாணி, அரிகாம்போதி, நடபைரவி. இவற்றையே ஐரோப்பியர் முறையே அயோனியன், டோரியன், பிரிஜியன், லிடியன், மிக்ஸோலிடியன், அயோலியன் என்று அழைத்தார்கள். ஏழாவது கட்டையில் நமக்குப் பஞ்சமம் கிடைக்காததுபோலவே அவர்களுக்கும் கிடைக்கவில்லை. அதை அவர்களும் ஒதுக்கிவைத்தார்கள்.

இடைக்கால ஐரோப்பியத் தேவாலயத்தில் பாடப்பட்ட கிரிகோரியன் கீதம் ஒற்றைச் சுரவோட்டமானது. அடியில் சுரக்கூட்டு இல்லை. அது எட்டு வகைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 1547இல் கிளாரியானுஸ் என்ற சுவிஸ் அறிஞர் எட்டைப் பன்னிரண்டாக்கினார். அயோனியனும் அயோலியனும், அதாவது நமது சங்கராபரணமும் நடபைரவியும், ஏட்டு இலக்கணத்தில் இடம்பெற்றது அப்போதுதான். எனவே ஒரு காலத்தில் ஐரோப்பியரும் நம்மைப்போலவே பண் வழியில் நடந்தவர்கள். பிரிவு பிறகுதான் வந்தது. அது எங்கே வந்தது என்பதே கேள்வி.

கிளையும் பகையும்

சுரக்கூட்டு என்பது யாது? ஒரு சுரம், அதன் மூன்றாம் சுரம், ஐந்தாம் சுரம் ஆகிய மூன்றையும் ஒருங்கே ஒலித்தால் கிடைப்பதே அதன் அடிப்படை வடிவம். ஸ, க, ப ஒரு கூட்டு. ம, த, ஸ இன்னொன்று. ப, நி, ரி மற்றொன்று. சட்ஜத்துக்கும் காந்தாரத்துக்கும் நான்கு அரைச்சுர இடைவெளி இருந்தால் மேல்நாட்டார் அதை மேஜர் என்பார்கள். மூன்று இருந்தால் மைனர். ஆக, ஹார்மனியின் உயிர் மூன்றாம் சுரத்தில் இருக்கிறது.

நமது பழைய இலக்கணமோ நரம்புகளுக்கு இடையில் இணை, கிளை, பகை, நட்பு என்று உறவு கற்பித்தது. ஐந்தாம் நரம்பு கிளை. நான்காம் நரம்பு நட்பு. மூன்றாம் நரம்பையும் ஆறாம் நரம்பையும் உரைமரபு பகை என்கிறது. ஐரோப்பியர் எந்தச் சுரத்தின்மேல் மாளிகை கட்டினார்களோ, அதையே நம் முன்னோர் பகையென்று விலக்கிவைத்தார்கள்! இது காதின் குறைபாடா? கணக்கைப் பார்ப்போம்.

யாழுக்குச் சுருதி கூட்டுகையில் ஒரு நரம்பிலிருந்து அதன் ஐந்தாம் நரம்பைப் பிறப்பித்தார்கள். தாரத்திலிருந்து உழை, உழையிலிருந்து குரல், குரலிலிருந்து இளி, இளியிலிருந்து துத்தம், துத்தத்திலிருந்து விளரி, விளரியிலிருந்து கைக்கிளை என்பது அந்த வரிசை. ஒரு நரம்புக்கும் அதன் ஐந்தாம் நரம்புக்கும் உள்ள விகிதம் 3க்கு 2. குரலிலிருந்து கைக்கிளைக்குப் போக நான்கு முறை இப்படித் தாவவேண்டும். ஸ்தாயியைச் சரிசெய்தால் கிடைப்பது 81க்கு 64 என்ற விகிதம். ஆனால் இரண்டையும் சேர்த்து ஒலிக்கும்போது காதுக்கு இதமாக இருப்பது 5க்கு 4, அதாவது 80க்கு 64. இடையிலுள்ள அந்த மிகச் சிறிய வேற்றுமை, இரண்டு நரம்பையும் ஒருங்கே மீட்டினால் ஓர் அதிர்வாகவும் உறுத்தலாகவும் கேட்கும். ஐந்தாம் நரம்பு முறையில் கட்டிய யாழில் மூன்றாம் நரம்பு சேர்ந்தொலிக்க இசையாமற் போனது இயல்பே.

ஐரோப்பாவின் கதையும் இதுதான். பைதாகரஸ் வழியில் ஐந்தாம் சுரங்களால் சுருதி கூட்டிய காலத்தில் அவர்களுடைய ஆசிரியர்களும் மூன்றாம் சுரத்தை இணக்கமற்றது என்றே வகுத்தார்கள். 13ஆம் நூற்றாண்டளவில் அது அரைகுறை இணக்கம் என்ற நிலைக்கு உயர்ந்தது. 1558இல் வெனிஸ் நகரத்துச் சார்லீனோ 5க்கு 4 என்ற விகிதத்தை இலக்கணத்தின் மையத்தில் வைத்தார். 1722இல் பிரான்ஸில் ராமோ, சுரக்கூட்டே இசையின் அடித்தளம் என்று நூல் எழுதினார். பகை நட்பாக மாற அங்கே பல நூற்றாண்டுகள் ஆயின. மடாலயத்தில் பலர் கூடிப் பாடும் வழக்கம், ஒரே நேரத்தில் பல கட்டைகளை அழுத்தக்கூடிய ஆர்கன், வெவ்வேறு குரல்களை ஒரே தாளில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதும் குறியீடு, 1501 முதல் வெனிஸில் அச்சேறிய இசைப் புத்தகங்கள், வளர்ந்துவந்த வாணிப நகரங்கள் ஆகியவை அந்த மாற்றத்தை நடத்தின.

தமிழ்நிலத்தில் வரலாறு வேறு பக்கம் திரும்பிற்று. யாழ் வழக்கொழிந்தது. வீணையும் குழலும் நாதசுரமும் ஓங்கின. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வதும், ஒரு சுரத்தை அசைத்து ஆட்டுவதும் யாழில் அரிது, இவற்றில் எளிது. அதனால் சுரங்களை அடுக்கும் திசையில் செல்லாமல், ஒவ்வொரு சுரத்தின் உள்ளேயும் இறங்கிச் செல்லும் திசையில் நமது இசை வளர்ந்தது. தோடியின் காந்தாரம் ஒரு புள்ளியில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையில் ஊசலாடிக்கொண்டே இருக்கிறது. அந்த ஊசலே தோடி. சுரக்கூட்டோ ஒவ்வொரு சுரமும் அசையாமல் நிற்கவேண்டும் என்று கேட்கிறது. இரண்டு வளர்ச்சிகளும் உயர்ந்தவை. ஆனால் ஒன்றின் விலையை மற்றொன்று கொடுத்தது.

சுரக்கூட்டு விழுங்கிய பாலைகள்

ஐரோப்பா கொடுத்த விலை என்ன? சுரக்கூட்டு ஓங்க ஓங்க, பாட்டு முடியும் இடத்தில் ஒரு குறிப்பிட்ட அசைவை அவர்கள் காது வேண்டி நின்றது. பஞ்சமத்தின் மேஜர் கூட்டிலிருந்து சட்ஜத்தின் கூட்டுக்கு வந்து நிற்பதே அந்த அசைவு. அதற்குச் சட்ஜத்தை ஒட்டிய காகலி நிஷாதம் தேவை. மிக்ஸோலிடியனில், நமது அரிகாம்போதியில், நிஷாதம் தாழ்ந்தது, அதை உயர்த்தினார்கள். உயர்த்தியவுடன் அது சங்கராபரணமாகிவிட்டது. லிடியனில், நமது கல்யாணியில், உயர்ந்த மத்திமத்தைக் கரடாகக் கருதித் தாழ்த்தினார்கள், அதுவும் சங்கராபரணமாயிற்று. டோரியனில், நமது கரகரப்பிரியாவில், தைவதத்தைத் தாழ்த்தினார்கள், அது நடபைரவியாயிற்று. நடபைரவியின் நிஷாதத்தையும் உயர்த்தினார்கள். அது நமது கீரவாணிபோல ஒலித்தது. பிரிஜியன், நமது தோடி, நெடுநாள் தாக்குப்பிடித்து இறுதியில் ஒதுங்கிக்கொண்டது. இப்படியாகப் பல பாலைகள் மேஜர், மைனர் என்ற இரண்டாகச் சுருங்கின.

இது மூடத்தனத்தால் நேர்ந்த இழப்பு என்று ஏளனம் செய்வது தவறு. பாலைகளை இழந்த அவர்கள் வேறொன்றைப் பெற்றார்கள். சுரக்கூட்டு மாறுந்தோறும் காதின் அடித்தளமும் கணநேரம் மாறுகிறது; ஒவ்வொரு கூட்டும் ஒரு சிறு பண்ணுப்பெயர்ப்பு. நாம் ஒரு பண்ணுக்குள் நெடுநேரம் தங்கியிருந்து பெறும் இன்பத்தை, அவர்கள் ஓரிடம் விட்டு ஓரிடம் பயணம் செய்து பெற்றார்கள். பாஹ், பீத்தோவன் போன்றோரின் பெருங்கட்டடங்கள் அந்தப் பயணத்தால் எழுந்தவை.

நமது பாலைகளைக் காத்தது எது? மாறாது ஒலிக்கும் ஆதாரச் சுருதி. தம்புராவோ, நாதசுரத்தின் பக்கத்தில் ஒரே சுரத்தை விடாது ஊதும் ஒத்தோ இல்லையென்றால், மேலே சொன்ன வெள்ளைக் கட்டைகளில் கரகரப்பிரியா எது, சங்கராபரணம் எது என்று காது தடுமாறும். ஒத்துக்காரர் நாதசுரக் கோஷ்டியில் கடைசி மனிதராக மதிக்கப்பட்டவர். எவரும் அவர் பெயரை அழைப்பிதழில் அச்சிட்டதில்லை. ஆனால் விடியவிடிய அவர் அடக்கிய மூச்சின்மேல்தான் தமிழரின் பாலைகள் நின்றன.

குடாநாட்டில் கலந்த வழிகள்

யாழ்ப்பாணத்துக்குத் திரும்புவோம். அங்கே கோயிலில் தேவாரப் பண்கள் ஓதப்பட்டன. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் ஒரே குரலாகப் பாடினார்கள். மரணவீட்டில் திருப்பொற்சுண்ணம் பாடப்பட்டது. தக்கேசி காம்போதியாகவும், பழம்பஞ்சுரம் சங்கராபரணமாகவும், கௌசிகம் பைரவியாகவும் வாழ்ந்தன. பலர் கூடிப் பாடும் வழக்கம் நம்மிடம் இல்லை என்பது பொய். கூடிப் பாடினோம், ஆனால் எல்லோரும் ஒரே வரியைப் பாடினோம்.

1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தை முற்றாகக் கைப்பற்றினர். அவர்களோடு வந்த கத்தோலிக்க வழிபாடு, ஒல்லாந்தர் காலத் தடைகளைத் தாண்டிக் கரையோர மக்களிடையே நிலைத்தது. 1847இல் அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் இலங்கைக்கு வந்தனர். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு வழிவிடும்வரை, பாடற்பூசையின் உரிய இசை லத்தீன் கிரிகோரியன் கீதமே. டோரியனிலும் பிரிஜியனிலும் அமைந்த அக்கீதங்களின் சுர அடுக்கு கரகரப்பிரியாவுக்கும் தோடிக்கும் உரியதே. தெருவின் ஒரு முனையில் நாதசுரத்திலும் மறுமுனையில் லத்தீனிலும் ஒரே பாலைகள் ஒலித்தன. இரண்டையும் ஒன்றென்று சொல்ல அன்று எவரும் இல்லை.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் குடாநாட்டில் பணியைத் தொடங்கினர். வட்டுக்கோட்டையில் 1823இல் செமினரியும், உடுவிலில் 1824இல் பெண்கள் விடுதிப் பாடசாலையும் எழுந்தன. அவர்களோடு வந்தது சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்று நான்கு குரல்களாகப் பாடும் ஞானப்பாட்டு. அதுவே ஹார்மனி, மேஜர், மைனர் என்ற இரண்டு பாலைகளில் மட்டும் அமைந்தது. தமிழ்க் கவிதையின் நெடில் குறில் அளவுகள் அந்த மெட்டுக்களில் நசுங்கின. மிஷனரிமாரே இதை உணர்ந்தார்கள். யாழ்ப்பாண மிஷனின் கிளையாக 1834இல் தொடங்கிய மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப், தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் இராகப் பாடல்களை வழிபாட்டுக்கு ஏற்றுத் தொகுத்து 1853இல் நூலாக்கினார். அன்று முதல் தமிழ்ப் புரட்டஸ்தாந்து ஆலயங்களில் இரண்டு புத்தகங்கள் அருகருகே இருக்கின்றன. சுரக்கூட்டோடு பாடும் ஞானப்பாட்டு ஒன்று. இராகத்தில் பாடும் கீர்த்தனை மற்றொன்று. ஒரே சபையார் ஒரே காலையில் இரண்டையும் பாடுகிறார்கள். இரண்டு இசைகளும் ஒருவர் நெஞ்சில் வாழமுடியும் என்பதற்கு இதுவே கண்கூடான சான்று.

தமிழ்நாட்டில் முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுக்களைக் கேட்டு இயற்றிய நோட்டுச்சுர சாகித்தியங்கள் சங்கராபரணத்தில் அமைந்திருப்பதையும் இங்கே நினைக்கவேண்டும். அது தற்செயலன்று. ஐரோப்பா தன் பாலைகளில் முதன்மையாகக் காப்பாற்றிய ஒன்று அதுவே. அந்த வாசலில்தான் இரு இசைகளும் கைகுலுக்கின.

பெட்டியின் ஆட்சி

19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் பிறந்த ஆர்மோனியம், கல்கத்தாவில் கைப்பெட்டியாக உருமாறி, நாடகக் கம்பெனிகளோடு கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்தது. ஒலிபெருக்கியில்லாத இசைநாடக மேடையில் ஆயிரம் பேருக்குக் கேட்கும் வல்லமை அதற்கு இருந்தது. காங்கேசன்துறையில் வி. வி. வைரமுத்து தம் வசந்த கான சபாவோடு 'மயான காண்டம்' ஆடிய காலத்தில், இராகங்களைச் சபா மண்டபத்திலிருந்து வயல்வெளிக்குக் கொண்டுசென்றது இந்தப் பெட்டியே. அதை அந்நியப் பொருள் என்று அவமதிப்பது மக்கள் கலையை அறியாதவர் பேச்சு. அகில இந்திய வானொலி 1940 மார்ச் முதல் ஆர்மோனியத்தை விலக்கிவைத்தது. 1970களிலேதான் தடையைத் தளர்த்தியது. அதன் கட்டைகள் கமகத்துக்கு இடங்கொடா என்ற குறை உண்மையே. ஆனால் தடையுத்தரவினால் காது கூர்மையடைவதில்லை.

இன்று அந்த இடத்தில் மின்விசைக் கீபோர்ட் வந்திருக்கிறது. கோயில் பஜனை, பாடசாலை விழா, திருமண மண்டபம் எங்கும் அதன் ஆட்சி. அதில் ஒரு விசையைத் தட்டினால் மேஜர் கூட்டும் மைனர் கூட்டும் தாமே ஒலிக்கும். அரிகாம்போதியில் அமைந்த பாட்டுக்குப் பஞ்சமத்தின் மேஜர் கூட்டை அடியில் வைத்தால் என்ன நேரும்? கூட்டில் காகலி நிஷாதம், பாட்டில் கைசிக நிஷாதம், இரண்டும் மோதும். பாடுகிற பிள்ளை தன்னையறியாமல் நிஷாதத்தை உயர்த்தும். செம்பாலை மறைந்து அரும்பாலை வந்துவிடும். ஐரோப்பாவில் சில நூற்றாண்டுகளில் நடந்தது இங்கே ஒரு தலைமுறையில் நடந்துவிடும். அவர்கள் ஈடாகப் பெற்ற பெருங்கட்டடம் எதுவும் நமக்குக் கிடைக்காமலே நடந்துவிடும். நாம் அஞ்சவேண்டியது இதற்கே.

பரிகாரம் உண்டா? உண்டு, அது பாலைகளின் கணக்கிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பாலையும் தனக்கே உரிய சுரக்கூட்டுக்களைத் தன்னுள் வைத்திருக்கிறது. அரிகாம்போதிக்குச் சட்ஜக் கூட்டோடு கைசிக நிஷாதத்தின் மேஜர் கூட்டு பொருந்தும். கல்யாணிக்குச் சட்ஜமும் ரிஷபமும் இரண்டுமே மேஜராக அமைந்து அதன் ஒளியைக் காட்டும். கரகரப்பிரியாவில் சட்ஜம் மைனராகவும் மத்திமம் மேஜராகவும் அமைவதே அதன் தனிச்சுவை. தோடியில் பஞ்சமத்தின்மேல் முழுக்கூட்டு அமையாது, ரிஷபத்தின்மேல் அமையும். ஆகவே அங்கே மேல்நாட்டு முடிவசைவைத் தேடுவது வீண். ஆதாரச் சுருதியை அறுக்காமல், கூட்டுக்களைச் சிக்கனமாக, அந்தந்தப் பாலையிலிருந்தே எடுத்து வைத்தால் பாலை சாகாது. அசைந்தாடும் சுரமே உயிராக உள்ள இராகங்களுக்குக் கூட்டே வேண்டாம். அவை தனித்து நிற்கும் தகுதி பெற்றவை.

இது ஏட்டுக் கனவல்ல. எம். பி. சீனிவாசன் 1970களில் சென்னையில் இளைஞர்களைத் திரட்டி, தமிழ்ப் பாடல்களைப் பல குரல்களில் பாடும் சேர்ந்திசைக் குழுவை வளர்த்தார். தொழிலாளர் இயக்கத்தோடு வாழ்ந்த அந்தக் கலைஞருக்கு ஹார்மனி ஒரு மேல்நாட்டு அலங்காரமாகத் தோன்றவில்லை. வேறுபட்ட குரல்கள் தம் வேறுபாட்டை இழக்காமல் ஒன்றுபடும் வழியாகத் தோன்றிற்று. இளையராஜாவின் பணியும் பாலைக்கும் கூட்டுக்கும் உள்ள உறவை அறிந்து செய்யப்பட்டது. 1986இல் வந்த அவருடைய இசைத்தொகுப்பு அதற்குத் தெளிவான சான்று.

யாருடைய அறிவு?

கடைசியாக ஒன்றைச் சொல்லவேண்டும். மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கிய இராமநாதன் இசைக்கல்லூரி, மகாராஜபுரம் சந்தானம் போன்ற வித்துவான்களின் தலைமையைப் பெற்றது; 1975இல் யாழ்ப்பாண வளாகத்தோடு இணைந்து பல்கலைக்கழகக் கல்வியாயிற்று. இது பெரும் பேறு. ஆயினும் அளவெட்டியிலும் இணுவிலிலும் பரம்பரையாக நாதசுரமும் தவிலும் பயின்ற குடும்பங்களின் அறிவு, சான்றிதழ் வழங்கும் மேசைக்கு வெளியே நெடுங்காலம் நின்றது. அளவெட்டி என். கே. பத்மநாதன் போன்றோரின் இராக ஆலாபனையில் பாலைகளின் இலக்கணம் முழுவதும் அடங்கியிருந்தது. ஆனால் ஊரார் அவர்களுக்குத் திருவிழா இரவில் கொடுத்த கைதட்டல், மறுநாள் காலையில் சமமான இருக்கையாக மாறியதா? சாதி அதைத் தடுத்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசம் கேட்டு நின்றபோது, அவர்கள் கேட்டது தரிசனம் மட்டுமல்ல. உள்ளே ஒலிக்கும் பண்ணை அருகிலிருந்து கேட்கும் உரிமையும் அதில் அடங்கியிருந்தது.

ஏழு பெண்கள் ஏழு நரம்பாக நின்று கைகோத்து ஆடிய குரவையை இலக்கியத்தில் போற்றும் நாம், அந்த வட்டத்துக்குள் எல்லோரையும் அழைத்தோமா என்று கேட்டுக்கொள்ளவேண்டும். பண்ணா, சுரக்கூட்டா என்ற சண்டை இரண்டாவது சண்டை. பாடசாலைப் பிள்ளைக்குப் பாலைகளின் கணக்கையும் கூட்டின் கணக்கையும் ஒரே வகுப்பில், ஒரே கருவியில் சொல்லிக்கொடுக்க முடியும். பெரிய செலவு எதுவும் இல்லை. அந்த வகுப்பிலே நாதசுரக்காரரும் ஆலயத்துப் பாடகர் குழுவை நடத்துபவரும் கூத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவரும் ஆசிரியராக அமரட்டும். அப்போது கீபோர்டின் விசையைத் தட்டுமுன் பிள்ளை தன் காதைக் கேட்கும்; எந்த நிஷாதம் என்று கேட்கும். யாழின் பெயரைத் தாங்கிய நிலத்தில் அந்தக் கேள்வி எழுமானால் விபுலாநந்தரின் உழைப்பு வீண்போகாது.